தண்ணீர் போய்விடும், சேறு இருக்கும்

போன கோடையில் சித்தப்பா எங்கள் காட்டுக்கு வண்டல் அடித்தார். நாலு டிராக்டர் லோடு. பக்கத்துக் குளம் வற்றிக் கிடந்தது, தாசில்தார் ஆபீஸில் அனுமதியும் கிடைத்துவிட்டது. விவசாயிகள் குளத்து வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2017-ல் அரசு திறந்துவிட்டதும், 2024-ல் தாசில்தாரே அனுமதி தரலாம் என்று அதை எளிமையாக்கியதும் நல்ல காரியங்கள். தாத்தா காலத்தில் மாட்டுவண்டியில் நடந்த வேலைதான் இது. ஒருமுறை வண்டல் அடித்தால் மூணு வருஷத்துக்குத் தெம்பு என்பார்கள்.

மண்ணைக் கொட்டிவிட்டுச் சித்தப்பா ஒரு கட்டியை உடைத்து மோந்து பார்த்தார். “தம்பி, நீதான் எதையாவது படிச்சுக்கிட்டே இருக்கியே. இந்த மண்ணு நல்ல மண்ணுதானா?” என்று கேட்டார். சாதாரணமாகக் கேட்ட கேள்விதான். ஆனால் அவர் ஏன் கேட்டார் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள கிராமத்துக்காரர்கள் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: தோல் ஷாப்புகள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய், ஜப்பானில் ஒரு கடலடி, கோடைக்கானலில் ஒரு மலைச்சரிவு, எண்ணூரில் ஒரு கழிமுகம் என்று சுற்றிவிட்டு மறுபடி எங்கள் குளத்துக்கே வந்து சேர்ந்தேன். அந்தச் சுற்றுதான் இந்தப் பதிவு.

உப்பு ஓடும், குரோமியம் உட்காரும்

தாடிக்கொம்பு திண்டுக்கல்லுக்கு வடக்கே, கரூர் ரோட்டில் இருக்கிறது. சௌந்தரராஜப் பெருமாள் கோயில் சிற்பங்களைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் இங்கே குடகனாறு என்று ஓர் ஆறு இருப்பதைக் கவனிப்பதே இல்லை. வருஷத்தில் பல மாதம் மணல்தான் தெரியும் என்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. மலையடிவாரத்திலிருந்து வந்து, வேடசந்தூர் பக்கம் போய், கரூர் மாவட்டத்தில் அமராவதியில் சேர்கிறது. அமராவதி காவிரியில், காவிரி கடலில்.

திண்டுக்கல்லில் தோல் பதனிடுவது பழைய தொழில். முன்பு ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான். அந்தக் கழிவும் நாறும், தண்ணீரைக் கருக்கும், ஆனால் காலப்போக்கில் மக்கிவிடும். ஏற்றுமதி பெருகி, பதப்படுத்திய தோலுக்கு மவுசு கூடியபோது குரோம் முறை வந்தது. பட்டை முறையில் வாரக்கணக்கில் ஆகும் வேலை இதில் ஓரிரு நாளில் முடியும். போடுகிற குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு வெளியே போகும் என்பதுதான் சிக்கல்.

ஹைதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்து விஞ்ஞானிகள் குடகனாற்றின் மேல் வடிநிலப் பகுதியில் ஆய்வு செய்து 2005-ல் கட்டுரை வெளியிட்டார்கள். திண்டுக்கல்லைச் சுற்றி 80 தோல் தொழிற்சாலைகள் இயங்குவதைப் பதிவு செய்து, நிலத்தடி நீர் கெட்டுப்போனதை அவற்றோடு இணைத்துக் காட்டினார்கள். அதற்கு முன்பே, 1996 ஆகஸ்ட் 28-ல், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்திருந்தது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஆணியடித்து நிறுத்திய தீர்ப்பு அது. வேலூர் வழக்கு என்று எல்லோரும் சொல்வதால் அது பாலாற்றுச் சங்கதி மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். வாசித்துப் பார்த்தால், தோல் ஷாப் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்த மாவட்டங்களின் வரிசையில் திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் இருக்கிறது.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு பேச்செல்லாம் தண்ணீரைப் பற்றித்தான். சுத்திகரிப்பு நிலையம், கிணற்று நீர், குடிநீர் லாரி. சேற்றைப் பற்றிப் பேச்சே குறைவு. ஆனால் வேதியியல் வேறு மாதிரி போகிறது. தோல் ஷாப் கழிவில் இரண்டு முக்கியமான ஆசாமிகள்: உப்பும் குரோமியமும். உப்பு தண்ணீரில் கரைந்தே இருக்கும், தண்ணீரோடு ஓடும், கிணற்றில் இறங்கும், நாக்கில் உடனே தெரியும். பதனிடுகிற வகைக் குரோமியம் அப்படியில்லை. சாதாரண நீரில் அது சீக்கிரமே படிந்து களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும். நாக்குக்குத் தெரியாது. இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். நல்ல மழை பெய்து குளம் நிரம்பினால் தண்ணீர் தெளிந்துவிடும், அடியில் இருப்பது அடியிலேயே இருக்கும்.

தண்ணீரைச் சுத்தம் செய்வது ஒரு வேலை என்றால், சேற்றைச் சுத்தம் செய்வது வேறொரு வேலை. இந்த இரண்டாவது வேலையை உலகில் யாராவது முழுதாகச் செய்து முடித்திருக்கிறார்களா என்று தேடினால் எல்லா வழியும் மினமாட்டா விரிகுடாவில் போய் நிற்கிறது.

மினமாட்டா: 25 என்ற எண்

நோயின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஜப்பானின் தென்பகுதியில், ஷிரானுய் கடலோரத்தில் ஒரு சிறு நகரம். சிஸ்ஸோ நிறுவனம் 1932 முதல் அங்கே அசிட்டால்டிஹைடு தயாரித்தது. அதற்குப் பாதரசம் ஊக்கி. கழிவில் மெத்தில் பாதரசம் கலந்து விரிகுடாவுக்குப் போனது. மீனும் சிப்பியும் அதை வாங்கின, மீனவக் குடும்பங்கள் மீனைத் தின்றன. 1956 மே 1-ஆம் தேதி, கம்பெனி ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவர் ஹொசோகாவா ஹஜிமே, காரணம் தெரியாத மூளை நரம்பு நோய் பரவுவதாகச் சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பினார். அவரே 1959-ல் ஆலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். பூனைக்கும் அதே நோய் வந்தது. கம்பெனி அதை வெளியே விடவில்லை. பாதரசக் கழிவு நின்றது 1968-ல். ஆலைதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டதும் அதே வருஷம்தான்.

பொதுவாகக் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் குழாயை மூடிய பிறகு கடலடியில் என்ன இருந்தது? கழிவு விழுந்த ஹியாக்கென் துறைமுகப் பக்கம் பாதரசம் கலந்த சேறு சில இடங்களில் 4 மீட்டர் கனத்துக்குப் படிந்திருந்தது. ஆலை பாவம் செய்வதை நிறுத்திவிட்டது, சேறு தொடர்ந்து செய்துகொண்டிருந்தது.

எவ்வளவு எடுப்பது என்பது முதல் கேள்வி. கடலடியை எல்லாம் சுரண்டி எடுக்க யாராலும் முடியாது. எங்கேயாவது ஒரு கோடு போட வேண்டும். ஜப்பான் 1973-ல் அதற்கு ஒரு தற்காலிக விதி வகுத்தது. ஆற்றுக்கும் ஏரிக்கும் 25 பிபிஎம், அதாவது ஒரு கிலோ சேற்றில் 25 மில்லிகிராம் பாதரசம். கடலுக்கு ஒரே எண் கிடையாது, ஒரு சூத்திரம். அலை ஏற்ற இறக்கம் எவ்வளவு, சேற்றிலிருந்து பாதரசம் எவ்வளவு எளிதில் கரைந்து வெளியே வருகிறது என்று இரண்டையும் கணக்கில் எடுப்பார்கள். மூன்றாவதாக ஒரு பாதுகாப்புக் காரணி. அங்கே மீன்பிடிப்பு உண்டா, பிடிக்கிற மீன் அடிமண்ணை ஒட்டி வாழ்வதா என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். நண்டும் சிப்பியும் தின்கிற ஊராக இருந்தால் விதி கடுமையாகும். மினமாட்டாவுக்குக் கணக்கிட்டபோது வந்ததும் 25-தான்.

இந்தச் சூத்திரம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. மண்ணில் இருப்பதை மட்டும் அளந்தால் போதாது, அந்த மண்ணோடு மனுஷன் எப்படிப் பழகுகிறான் என்பதும் எண்ணுக்குள் வர வேண்டும் என்று அதை எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

25-க்கு மேல் இருந்த பரப்பு சுமார் 209 ஹெக்டேர், சேறு சுமார் 15 லட்சம் கன மீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் 5 லட்சம் யூனிட்டுக்கு மேல். 1977 அக்டோபரில் வேலை தொடங்கியது, தொடங்கிய வேகத்தில் நின்றும் போனது. தோண்டினால் அடங்கிக் கிடக்கிற விஷம் கலங்கி வெளியே வரும் என்று பயந்த மக்கள் நீதிமன்றம் போனார்கள். முட்டாள்தனமான பயம் இல்லை அது. தூர்வாரும் வேலையில் உண்மையாகவே பெரிய ஆபத்து அதுதான். 1980-ல் மனு தள்ளுபடியான பிறகே வேலை மறுபடி தொடங்கியது. வெட்டும் பற்கள் வைத்த இயந்திரம் சேற்றைக் கிளறிவிடும் என்பதால், பற்கள் இல்லாமல் உறிஞ்சி மட்டும் எடுக்கிற இயந்திரத்தைப் பயன்படுத்தினார்கள். கலங்கலையும் மீனையும் விடாமல் அளந்துகொண்டே இருந்தார்கள்.

இரண்டாவது கேள்வி, எடுத்த சேற்றை எங்கே கொட்டுவது. மினமாட்டா அதை வெளியூருக்கு அனுப்பவில்லை. விரிகுடாவின் உள்பகுதியில், விஷம் மிக அதிகமாக இருந்த இடத்தையே இரும்புத் தகட்டுச் சுவரால் அடைத்தார்கள். வெளிப்பகுதிச் சேற்றை உறிஞ்சி அதற்குள் விட்டார்கள். மேலே செயற்கை இழைத் துணி, அதன்மேல் எரிமலைச் சாம்பல் மண், அதன்மேல் மலைமண். இப்படி 58 ஹெக்டேர் புதுநிலம் உண்டானது. 1990 மார்ச்சில் முடிந்தபோது செலவு 4,850 கோடி யென். அதில் பெரும்பங்கு சிஸ்ஸோ தலையில் விழுந்தது. முடித்துவிட்டு அளந்தால் விரிகுடாச் சேற்றில் அதிகபட்சம் 12 பிபிஎம், சராசரி 4.65.

மீன் வெளியே போய்விடாமல் இருக்க 1974-ல் விரிகுடா வாயில் ஒரு வலை கட்டியிருந்தார்கள். தூர்வாரி முடித்த பிறகும் அதை எடுக்கவில்லை. மீனில் பாதரசம் வரம்புக்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்கிறதா என்று ஏழு வருஷம் பார்த்துவிட்டு, 1997-ல்தான் ஆளுநர் பாதுகாப்பு அறிவிப்புச் செய்தார், வலையும் போனது. நோய் தெரிந்த நாளிலிருந்து வலை எடுத்த நாள் வரை 41 வருஷம். அந்தப் புதுநிலம் இன்று பூங்கா. நோயில் இறந்தவர்களை நினைத்து ஊர்க்காரர்கள் கையால் செதுக்கிய சிறு கற்சிலைகள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன. அடியில் அந்தச் சேறு அப்படியே இருக்கிறது. இரும்புச் சுவர் துருப்பிடிக்கக் கூடியது, அதனால் அதைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு முடிவு தேதி கிடையாது. மூன்றாவது கேள்வி அதுதான்: யார், எத்தனை காலம் பார்த்துக்கொள்வது?

எண் எது, கொட்டும் இடம் எது, காவல் யார். இந்த மூன்று கேள்விகளையும் வைத்துக்கொண்டு நம்ம மாவட்டத்துக்குத் திரும்பலாம். பாதரசத்துக்காக ஜப்பான் வரைக்கும் போக வேண்டியதில்லை, எங்கள் வீட்டு மாடியிலிருந்து மேற்கே தெரியும் மலையிலேயே அது இருந்தது.

கோடை: 20 என்ற எண்

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் ஊரிலிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை, 1980-களின் தொடக்கத்தில் கோடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது. அப்போது பாண்ட்ஸ், பின்னால் இந்துஸ்தான் லீவர். 2001 மார்ச்சில், முஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7 டன்னுக்கு மேல் கிடப்பதை உள்ளூர் மக்களும் சூழல் அமைப்புகளும் வெளியே கொண்டுவந்தார்கள். அந்த வருஷமே தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு தூத்துக்குடி வழியாக அமெரிக்காவுக்கே கப்பலேறியது. ஏழை நாட்டுக்கு வந்த விஷம் பணக்கார நாட்டுக்குத் திரும்பிப் போவது அடிக்கடி நடக்கிற காரியமில்லை. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கும் நிறுவனத்துக்கும் 2016-ல் சமரசம் ஏற்பட்டது.

கண்ணாடி போய்விட்டது, மண் போகவில்லை. தொழிற்சாலை இருந்த சரிவுக்குக் கீழே பாம்பார் சோலை. அங்கிருந்து இறங்குகிற தண்ணீர் கும்பக்கரை வழியாகப் பெரியகுளம் பக்கம் போய் வைகையைச் சேரும். காற்றில் போன பாதரசம் எதிர்ப்பக்கமும் போயிருந்தது. ஹைதராபாத்திலுள்ள அணுசக்தித் துறை ஆய்வகம் 2006-ல் வெளியிட்ட கட்டுரை, கோடை ஏரியின் நீரிலும் அடிவண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதைப் பதிவு செய்தது. ஏரியடியில் காற்றுப்படாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் சாதாரணப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றவல்லவை. மினமாட்டாவில் ஆலைக்குள் நடந்ததை இங்கே சேறே செய்யும், மெதுவாக.

சுத்தம் செய்வதற்கு இங்கேயும் எண் வேண்டியிருந்தது. நாக்பூரிலுள்ள நீரி என்ற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம், தொழிற்சாலை வளாக மண்ணுக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று பரிந்துரைத்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அதை ஏற்றது. சூழல் ஆர்வலர்கள் ஏற்கவில்லை. வேறு நாடுகளில் குடியிருப்பு நிலத்துக்கு இதைவிடக் கடுமையான வரம்பு இருக்கும்போது, மழை கொட்டுகிற மலைச்சரிவில், கீழே சோலையும் ஆறும் இருக்கிற இடத்தில் இவ்வளவு தாராளம் ஏன் என்று கேட்டார்கள். இன்னும் கடுமையாகப் போனால் இன்னும் நிறைய மரத்தை வெட்டி மண்ணைத் தோண்ட வேண்டும், சரிவு அரித்துக்கொண்டு போகும் என்பது மறுதரப்பு.

இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அங்கே 25 இங்கே 20, நாம்தான் கெட்டி என்று சொல்வது தப்பு. ஒன்று அலையடிக்கிற விரிகுடாவின் சேறு, இன்னொன்று மழைச்சரிவின் மண். மினமாட்டாவில் எண்ணைப் போட்டதோடு நிறுத்தவில்லை. எடுத்து முடித்து, மறுபடி அளந்து, மீனை ஏழு வருஷம் சோதித்து, அப்புறம்தான் நம்பினார்கள். கோடையில் தொழிற்சாலை மூடிப் பதினைந்து வருஷத்துக்கு மேலாகியும் எண்ணைப் பற்றிய வழக்கும் வாதமும் ஓயவில்லை, மண் சரிவிலேயே கிடந்தது. அத்தனை வருஷமும் தென்மேற்கும் வடகிழக்கும் பெய்தன. 20-ஆ வேறு எண்ணா என்று கீழே நாம் பேசிக்கொண்டிருக்கும்போது மழை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். கோடைப் பாதரசம் எங்கள் ஊருக்கு வராது. பாம்பார் வைகைக்குப் போகும், குடகனாறு காவிரிக்குப் போகும். ஒரே மாவட்டம், இரண்டு வடிகால். ஒன்று ராமநாதபுரத்துப் பக்கம் பாக் நீரிணையை நோக்கி, இன்னொன்று பூம்புகாரை நோக்கி. ஆனால் ஆறு கொண்டுபோகிற சேறெல்லாம் கடலுக்குப் போய்ச் சேர்வதில்லை. வழியில் அணையும் குளமும் பிடித்து வைத்துக்கொள்ளும். கடல் இல்லாத எங்களைப் போன்ற ஊருக்குக் குளத்தடிதான் கடலடி.

எண்ணூர்: தீர்ப்பு உண்டு, சேறும் உண்டு

நிஜமான கடலோரத்தில், தமிழ்நாட்டுக்குள்ளேயே, இந்தக் கேள்வி எழுந்த இடம் எண்ணூர் கழிமுகம். கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் என்று மீனவ ஊர்கள். இறாலும் நண்டும் நிறைந்திருந்த உப்பங்கழி. வடசென்னை அனல் மின் நிலையம் 1990-களின் நடுவில் ஓடத் தொடங்கிய பிறகு, நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்பினார்கள். குழாய் கழிமுகத்தின் குறுக்கே போகிறது. ஒழுகியது. வருஷக்கணக்கில் ஒழுகிய சாம்பல் ஆற்றடியில் படிந்து படகு தரைதட்டும் அளவுக்குப் போனது.

மீனவர் தரப்பில் 2016-ல் தொடர்ந்த வழக்கில் 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஒழுகலை நிறுத்துவது மட்டுமில்லை, படிந்த சாம்பலை எடுத்து இடத்தைச் சீர்செய்வதும் மாசு செய்தவர் பொறுப்பு என்பது அதன் சாரம். திண்டுக்கல் தோல் ஷாப்புகளின் பெயர் வந்த அந்த 1996 தீர்ப்பின் பேரன் என்று இதைச் சொல்லலாம். சேறு என்பதைத் தனியாக எண்ணிப் பார்த்த தீர்ப்பு என்பதால் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆனால் சீர்செய்வதற்கு முன்னாலேயே அடுத்தது வந்து விழுந்துகொண்டிருந்தது. 2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது, இளைஞர்கள் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்கு வந்தது, இந்த முறை மீனவர்களே கையாலும் குவளையாலும் அள்ளினார்கள். மிதக்கிற எண்ணெயை அள்ளலாம். சேற்றில் இறங்கியதை? ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பதற்கும், மேலே குழாய் திறந்திருக்கும்போது அடியைத் தூர்வாருவதற்கும் வித்தியாசமில்லை. மினமாட்டாவில் முதலில் குழாயை மூடினார்கள், ஒன்பது வருஷம் கழித்துத்தான் தூர்வாரத் தொடங்கினார்கள் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

பொதுவாக வழிகள் மூன்றுதான். எடுத்துவிடுவது, மூடிவிடுவது, விட்டுவிடுவது. விட்டுவிடுவது சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ஜேம்ஸ் ஆற்றில் கீப்போன் என்ற பூச்சிமருந்து கலந்தது 1975-ல் தெரிந்தது. தூர்வாரக் கணக்குப் போட்டால் செலவு எட்டாத உயரம். குழாயை மூடினார்கள், மீன்பிடிக்கத் தடை போட்டார்கள், மேலே புது வண்டல் படியட்டும் என்று காத்திருந்தார்கள். தடை 1988-ல்தான் நீங்கியது. விஷம் அங்கேதான் இருக்கிறது, புதைந்து. இதில் காத்திருப்பது மட்டும் நடக்கவில்லை, அளந்துகொண்டும் காத்திருந்தார்கள். நம்ம ஊரில் விட்டுவிடுவது என்றால் அளக்காமல் விட்டுவிடுவது என்று அர்த்தமாகிவிடுகிறது.

மறுபடி குளத்துக்கு

ஆக, நல்ல வண்டலோ கெட்ட வண்டலோ, நாங்கள் மினமாட்டாக்காரர்கள் செய்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். அடியிலிருந்து எடுத்து வேறிடத்தில் பரப்புகிறோம். அவர்கள் இரும்புச் சுவருக்குள் பரப்பினார்கள், நாங்கள் தக்காளிக் காட்டில் பரப்புகிறோம்.

எல்லாக் குளமும் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. தோல் ஷாப் வடிகாலோடு சம்பந்தமே இல்லாத குளங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றின் வண்டல் தங்கம். பயந்துபோய் அதையும் விட்டால் நட்டம் நமக்குத்தான். சேற்றிலுள்ள குரோமியத்தின் வகையும் முக்கியம். பதனிடும் வகை அவ்வளவு துள்ளாது, களிமண்ணை விட்டு எளிதில் வெளியே வராது. சில சூழ்நிலைகளில் அது மாறி உண்டாகும் ஆறு இணைதிறன் குரோமியம்தான் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகக் கூடியது. எங்கள் சித்தப்பாவின் நாலு லோடில் என்ன இருக்கிறது என்பதை மூக்கு சொல்லாது, அளவு சொல்லும்.

அளக்க வழி இருக்கிறதா என்று பார்த்தேன். வீட்டில் மண்வள அட்டை இருக்கிறது. மத்திய அரசு 2015-ல் தொடங்கிய திட்டம், நல்ல திட்டம். அட்டையில் 12 இனங்கள்: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச்சத்து. பயிருக்கு என்ன குறைகிறது என்று சொல்லும் அட்டை அது. மண்ணில் எது கூடாமல் இருக்கிறது என்று கேட்பதற்கு அதில் கட்டம் இல்லை. குரோமியம் என்ற 13-வது வரியை, நாடு முழுவதும் வேண்டாம், தோல் ஷாப் வடிகால் போகிற குளங்களுக்கு மட்டுமாவது சேர்த்தால் என்ன? மேலே, நடுவில், மடைப்பக்கம் என்று குளத்துக்கு மூன்று இடத்தில் மண் எடுத்துச் சோதித்து, இதில் அள்ளலாம், இதில் அள்ள வேண்டாம் என்று ஒரு பலகை வைத்தால் போதும். கோடி யென் தேவையில்லை. மினமாட்டாவின் சூத்திரத்தில் மீன் தின்கிறவர் இருந்த மாதிரி, நம் கணக்கில் வண்டல் அடிக்கிறவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இவ்வளவையும் ஒரு சாயங்காலம் சித்தப்பாவிடம் சொன்னேன். ஜப்பான் பகுதியைப் பொறுமையாகக் கேட்டார். கோடை பகுதியில், “நம்ம கோடையிலயா?” என்று ஒருமுறை கேட்டுக்கொண்டார். குவியலிலிருந்து நாலைந்து இடத்து மண்ணைக் கலந்து இரண்டு பையில் கட்டி, தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். முடிவு வரும்வரை பரப்ப வேண்டாம் என்று வரப்போரம் ஒதுக்கி, மழையில் கரையாமல் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார்.

தார்ப்பாய் மேல் கல்லை வைத்துக்கொண்டே கேட்டார்: “சரி தம்பி, கெட்ட மண்ணுன்னே வருதுன்னு வையி. அப்ப இதை எங்க கொண்டுபோய்க் கொட்டுறது? எடுத்த குளத்துலயேவா?”

15 லட்சம் கன மீட்டரானாலும் நாலு லோடானாலும் கேள்வி ஒன்றுதான். என்னிடம் பதில் இல்லை. குவியல் இன்னும் வரப்பில்தான் இருக்கிறது.